உச்சி வெயிலும் கேழ்வரகும்

ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 23-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 19-ஐ ஒட்டியும், ஜவ்வாது மலைமேல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த மலையிலுள்ள காவலூர் வானாய்வகம் 12 பாகை 34 கலை வட அட்சரேகையில், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த நாட்களில் பகல் பன்னிரண்டு தாண்டிக் கால் மணி நேரம் ஆனதும், அங்கே செங்குத்தாக நட்ட கம்புக்கு நிழல் விழாது. வானியலாளர் வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்தது இரவு வானத்துக்காக. 1986-ல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இரவில்தான் கண் விழிக்கிறது. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது மலையின் பகல்.

டிசம்பர் 21, ஆண்டிலேயே வெயில் மிகச் சாய்ந்து விழும் நாள். அன்றைக்கும் காவலூரில் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 54 பாகை உயரத்தில் நிற்கும். வெளியே நிற்பவரின் நிழல் அவர் உயரத்தில் முக்கால் பங்குதான் இருக்கும். அதே நாள் லண்டனில் சூரியன் எட்டும் உயரம் 15 பாகை. நிழல் ஆளைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு நீளும்.

எலும்பைப் பற்றிப் பேச வந்து நிழலை அளப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் தோலில் வைட்டமின் டி உருவாவதற்கு வெயிலின் வெளிச்சமும் சூடும் போதாது. புற ஊதாக் கதிர்களில் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒரு சிறு பகுதி தோலில் பட வேண்டும். இதைப் புற ஊதா பி என்பார்கள். இதில் பெரும்பகுதியை ஓசோன் அடுக்கு வடிகட்டிவிடுகிறது. சூரியன் சாய்ந்திருக்கும்போது கதிர் அந்த அடுக்கைக் குறுக்காகக் கடந்து வருவதால், தரைக்கு வந்து சேர்வது மிகச் சொற்பம். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோலில் வேலை நன்றாக நடக்கிறது. பாஸ்டன் நகரில் மைக்கேல் ஹோலிக்கும் அவருடைய சகாக்களும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு, அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவாக இருந்தாலும் தோலில் வைட்டமின் டி உருவாவதில்லை என்று காட்டியது. ஜவ்வாது மலையில் அப்படிப்பட்ட மாதம் ஒன்றுகூட இல்லை.

தோலில் நடப்பது இதுதான். அங்கே 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற ஒரு கொழுப்புப் பொருள் இருக்கிறது. புற ஊதா பி பட்டதும் அதன் வளையங்களில் ஒன்று உடைந்து திறக்கிறது. பிறகு உடம்புச் சூட்டிலேயே அது மெல்ல வைட்டமின் டி3-ஆக மாறுகிறது. வெயிலில் அதிக நேரம் நின்றால் மிஞ்சுவது வேறு செயலற்ற பொருட்களாக மாறிவிடும். ஆகவே வெயிலால் வைட்டமின் டி நஞ்சாவதில்லை. உருவான வைட்டமினைக் கல்லீரல் ஒரு படி மாற்றி இரத்தத்தில் சேமிக்கிறது. ஆய்வகத்தில் நம் இரத்தத்தை எடுத்து அளப்பது இந்தச் சேமிப்பைத்தான். சிறுநீரகம் அதை மேலும் ஒரு படி மாற்றும்போது வேலை செய்யும் ஹார்மோன் கிடைக்கிறது. உணவில் இருக்கும் கால்சியத்தைக் குடல் உறிஞ்சும்படி செய்வது அதன் தலையாய பணி. வைட்டமின் டி இல்லாவிட்டால் சாப்பிட்ட கால்சியத்தில் 10 முதல் 15 விழுக்காடுதான் உடம்பில் சேரும். போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 விழுக்காடு வரை சேரும்.

குழந்தைகளின் கால் எலும்புகளை வில்லாக வளைக்கும் ரிக்கெட்ஸ், நெடுங்காலம் வடக்கு நாடுகளின் நோயாகவே அறியப்பட்டிருந்தது. கிளிஸன் 1650-ல் அதைப் பற்றி விரிவாக எழுதியது இங்கிலாந்தில். ஜப்பானில் மருத்துவ ஊழியம் செய்து திரும்பிய பிரிட்டன் மருத்துவர் தியோபால்ட் பாம், தன் நாட்டுத் தொழில் நகரங்களில் நிறைந்திருந்த இந்த நோய் ஆசியாவில் ஏன் அரிதாக இருக்கிறது என்று வியந்து, பல நாடுகளில் இருந்த ஊழியர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1890-ல் அவர் எட்டிய முடிவு: வெயில் இல்லாததே காரணம். அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி பாதரச விளக்கொளியால் குழந்தைகளைக் குணப்படுத்தினார். அதே காலத்தில் லண்டனில் மெல்லன்பி, நாய்க்குட்டிகளின் ரிக்கெட்ஸை மீன் எண்ணெயால் தடுத்தார். 1922-ல் மெக்கல்லம் அந்த எண்ணெயில் இருந்த பொருளுக்கு வைட்டமின் டி என்று பெயர் வைத்தார்.

இந்தியாவில் இந்தக் கதைக்கு வேறொரு முகம் இருந்தது. காஷ்மீரில் பணியாற்றிய மருத்துவர் கேத்லீன் வாகன், பர்தா முறையும் தாய்மையும் பற்றி 1928-ல் ஒரு நூல் வெளியிட்டார். அறைக்குள் அடைபட்டு வாழ்ந்த பெண்களின் இடுப்பெலும்பு மென்மையாகி, உருக்குலைந்து, பிள்ளைப்பேறு உயிருக்கே ஆபத்தாவதையும், வெளியே உழைத்துப் பிழைத்த ஏழைப் பெண்களுக்கு அது நேராததையும் அவர் கவனித்தார். வெயில் தாராளமாகக் கொட்டும் நாட்டில்கூட அதை மனிதர்கள் மறைத்துவிட முடியும் என்று காட்டியதற்காகவே அந்த நூலை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி நம் காலத்துப் புதிருக்கு வருவோம். 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய அளவிலான குழந்தைகள் ஊட்டச்சத்து ஆய்வில், 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 14 விழுக்காட்டினருக்கும், 5 முதல் 9 வயதினரில் 18 விழுக்காட்டினருக்கும், வளரிளம் பருவத்தினரில் 24 விழுக்காட்டினருக்கும் வைட்டமின் டி குறைவு இருந்தது. குழந்தை வளர வளரக் குறைவும் கூடுகிறது. இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 12 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களை மட்டும் எண்ணிய கணக்கு இது. இந்த எல்லைக் கோட்டை 20-க்கு உயர்த்தினால் எண்ணிக்கை இன்னும் பெருகிவிடும். இந்தக் கோட்டைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது.

காவலூரிலிருந்து வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் திருப்பதி. அங்கே மருத்துவர் ஹரிநாராயணும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் செய்த வேலைதான், நம் பகுதி எலும்புகளைப் பற்றி நம்மிடம் உள்ள நல்ல சான்று. அவர்கள் செய்த ஒரு சோதனையின் எளிமை எனக்கு மிகவும் பிடித்தது. தோலில் இருக்கும் அதே 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலைச் சிறு கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, பகலில் மணிக்கு மணி வெயிலில் வைத்து, எவ்வளவு மாறுகிறது என்று ஆண்டு முழுக்க அளந்தார்கள். காலை 11 முதல் பிற்பகல் 2 வரைதான் மாற்றம் உச்சத்தில் இருந்தது. எந்தப் பருவமானாலும் இதுவே நிலை.

நம் வீடுகளில் பச்சைப் பிள்ளையைக் காலை இளவெயிலில் காட்டுகிறோம். எலும்பு உரம் பெறும் என்ற நம்பிக்கை அது. பிள்ளைக்கு இதமாக இருக்கும், கெடுதல் ஒன்றும் இல்லை; ஆனால் ஏழு மணி வெயிலில் புற ஊதா பி மிகக் குறைவு. நிழல் நீண்டு கிடக்கும் நேரம் அது. வயதானவர்களைக் காலை எட்டு மணிக்கு முன்பு நடக்கச் சொல்லும் அறிவுரை இதயத்துக்கும் தசைக்கும் நல்லது. வைட்டமின் டி வேண்டுமென்றால் முற்பகல் பத்தரை பதினொன்றை ஒட்டி, கை கால்களில் வெயில் படும்படி சற்று நேரம் வெளியே இருக்க வேண்டும். கோடையில் சமவெளியில் இதைச் சொல்லும்போது வெப்பத் தாக்கை மறக்கக் கூடாது. மலையில் அந்த அச்சம் குறைவு. சன்னல் கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்து காய்வதால் பயன் இல்லை, கண்ணாடி இந்தக் கதிரை விடாது.

நம் கறுப்புத் தோல் வெயிலைத் தடுத்துவிடுகிறது என்ற பேச்சும் உண்டு. மெலனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவது உண்மை. வெளிறிய தோலைவிடக் கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். ஆனால் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு தான்சானியாவின் மசாய் மேய்ப்பர்களையும் ஹட்சா வேட்டைக்காரர்களையும் அளந்தபோது, அவர்களின் சராசரி மில்லிலிட்டருக்கு 46 நானோகிராம். பகலை வெளியில் கழிக்கும் கறுத்த மனிதர்களுக்குக் குறைவு இல்லை. தோலின் நிறத்தைக் குற்றம் சொல்வதை நாம் நிறுத்தலாம்.

ஜவ்வாது மலையில் வெயில் யார் மேல் படுகிறது? சாமைக் கொல்லையில் களை எடுப்பவர் மேல் படுகிறது. தேனும் கடுக்காயும் தேடிக் காட்டுக்குள் போகிறவர் மேல், மர நிழலின் இடைவெளியில் படுகிறது. காலையில் வகுப்பறைக்குள் போய் மாலையில் வெளியே வரும் உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைக்கு மதிய உணவு இடைவேளை ஒன்றுதான் வாய்ப்பு. அந்த நேரத்தில் பிள்ளைகளை நிழலில் உட்கார வைக்காமல் விளையாட விட்டாலே பாதி வேலை முடிந்தது. பிழைப்புத் தேடி மலையிறங்கி ஆலைக்கும் கட்டடங்களுக்கும் போகிறவர்களின் வெயில், அங்கே அமைகிற வேலையைப் பொறுத்தது. வீட்டுத் திண்ணையை விட்டு நகராத பாட்டிக்குச் சிக்கல் இரண்டு மடங்கு. எழுபது வயதுத் தோலில் மூலப்பொருளே இளம் தோலில் இருப்பதில் பாதிக்கும் குறைவு.

இதுவரை எல்லாம் வெயிலின் கணக்கு. திருப்பதி ஆய்வு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இனி வரும் இடத்தில். அவர்கள் பார்த்த கிராமத்து மக்கள் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை வயலில் உழைப்பவர்கள். முகம், முதுகு, கை, கால் எல்லாம் வெயிலில். நகரத்து ஆண்களில் 62 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தது. கிராமத்து ஆண்கள் அவர்களைவிட நன்றாகத்தான் இருந்தார்கள், ஆனாலும் 44 விழுக்காட்டினருக்குக் குறைவு. கிராமத்துப் பெண்களில் 70 விழுக்காடு. நாள் முழுக்க வெயிலில் நிற்பவருக்கு வெயிலின் வைட்டமின் எப்படிக் குறையும்?

விடை அவர்களின் தட்டில் இருந்தது. கிராமத்தவர் ஒரு நாளில் உண்ட கால்சியம் சராசரி 269 மில்லிகிராம். நகரத்தில் 306. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த அளவு 1000 மில்லிகிராம். கால்சியம் இவ்வளவு குறையும்போது உடம்பு என்ன செய்கிறது என்பதில்தான் முடிச்சு அவிழ்கிறது.

ஒரு பெரியவரின் உடம்பில் சுமார் ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும். இரத்தத்தில் ஓடுவது மிகச் சிறிது, ஆனால் அந்தச் சிறிது தவறினால் தசை இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தடுமாறும். ஆகவே உடம்பு இரத்தத்தின் அளவை விட்டுக்கொடுக்காது. உணவில் வருவது குறைந்தால், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனை அனுப்பி எலும்பைத் திறக்கச் சொல்லும். மழை பொய்த்த ஆண்டில் குதிரைத் திறந்து விதைக்கு வைத்த தானியத்தையும் எடுப்பதைப் போல. அதே ஹார்மோன் சிறுநீரகத்தையும் முடுக்கி, சேமிப்பிலிருக்கும் வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு வேகமாக மாற்ற வைக்கிறது. செயல்படும் வடிவம் மிகும்போது, சேமிப்பு கல்லீரலில் சிதைந்து வெளியேறும் வேகமும் கூடுகிறது. கிளெமென்ட்ஸ், ஜான்சன், ஃப்ரேசர் மூவரும் 1987-ல் எலிகளில் இதைக் காட்டினார்கள்: கால்சியம் குறைந்த தீனி தின்ற எலிகளின் இரத்தத்தில் சேமிப்பு வைட்டமின் டி விரைவில் கரைந்தது. கால்சியத்தைக் குடலில் பிடித்து நிறுத்தும் ஃபைட்டேட் நிறைந்த தானிய உணவும் இதே வழியில் கொண்டுபோய் விடும்.

அதாவது வெயிலில் சம்பாதித்ததைக் கால்சியப் பஞ்சம் செலவழித்துவிடுகிறது. இரத்தச் சோதனைத் தாளில் 'வைட்டமின் டி குறைவு' என்று அச்சாகும். குறைந்தது முதலில் வேறொன்றாக இருக்கலாம்.

ஆப்பிரிக்காவில் இதற்கு நேரடிச் சான்று கிடைத்தது. நைஜீரியாவில் வெயிலுக்குக் குறைவே இல்லை, ஆனாலும் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ். 1999-ல் தாச்சரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட சிகிச்சைச் சோதனையில், வைட்டமின் டி மட்டும் பெற்ற குழந்தைகளைவிடக் கால்சியம் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். மக்காச்சோளமும் கிழங்கும் உண்டு, பால் ஏறக்குறைய இல்லாமல் வளர்ந்த குழந்தைகள் அவர்கள். அரிசிச் சோறும் புளித் தண்ணீர்க் குழம்புமாக வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்த ஆய்வு, பாஸ்டன் ஆய்வைவிட நெருக்கமானது.

இப்போது ஜவ்வாது மலையின் தட்டைப் பார்ப்போம். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் பழைய தானியங்கள் சாமையும் கேழ்வரகும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 364 மில்லிகிராம். அரிசியில் பத்தைத் தாண்டுவதில்லை. சிறுதானியம் என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் போற்றுகிறவர்கள் கவனிக்காத எண் மூன்றாவது: சாமையில் 16. சாமைக்கு வேறு நன்மைகள் உண்டு, நார்ச்சத்து உண்டு, வறட்சியைத் தாங்கி விளையும் குணம் உண்டு. எலும்புக்கு வேண்டிய கால்சியத்தைப் பொறுத்தவரை அது அரிசியின் பக்கத்தில்தான் நிற்கிறது. ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் தானியம் சாப்பிட்டால், அது அரிசியானால் 30 மில்லிகிராம்கூட வராது. சாமையானால் ஐம்பதுக்கு அருகில். கேழ்வரகானால் ஆயிரத்தைத் தாண்டும். இந்த ஓர் இடைவெளியை வேறெந்தத் தானிய மாற்றத்தாலும் ஈடுகட்ட முடியாது.

கேழ்வரகிலும் ஃபைட்டேட் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார், ஏழைச் சைவ உணவு உண்ட குழந்தைகளின் அரிசியை எடுத்துவிட்டுக் கேழ்வரகு கொடுத்து 1950களின் இறுதியில் அளந்து பார்த்தார்கள். உடம்பில் தங்கிய கால்சியம் கூடியது. ஃபைட்டேட்டின் தடையையும் மீறி மிச்சம் நின்றது. தடையைக் குறைக்கும் வழிகள் நம் அடுப்படியில் முன்பே உண்டு. கேழ்வரகை முளைகட்டினால் தானியத்திலுள்ள நொதியே ஃபைட்டேட்டை உடைக்கும். மாவைக் கரைத்து இரவு முழுக்கப் புளிக்கவிட்டுக் காய்ச்சும் கூழிலும் அது நடக்கிறது. இந்தப் பக்கத்தில் 'கேவுரு கூழு' என்று சொல்லி வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்களே, அது ஊட்டச்சத்து நூல் பரிந்துரைக்கும் முறையில் செய்த உணவு. அதோடு கொஞ்சம் முருங்கைக் கீரை, சந்தையில் வாங்கி முள்ளோடு மெல்லும் நெத்திலிக் கருவாடு, எள் துவையல் என்று சேர்ந்தால் பால் இல்லாத வீட்டிலும் கணக்கு ஓரளவு நிரம்பும்.

தமிழ்நாட்டில் 2011 ஜூன் 1 முதல் ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்கு முன்பே கிலோ இரண்டு ரூபாய்க்கும் பிறகு ஒரு ரூபாய்க்கும் கிடைத்தது. அந்த அரிசி பசியைத் துரத்தியது. மலைக் கிராமங்களில் அதன் மதிப்பை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அடுப்பில் தினமும் சோறு வேகத் தொடங்கியதும் களியும் கூழும் பின்னுக்குப் போயின. கேழ்வரகைக் கல் நீக்கி, புடைத்து, திரிக்க வேண்டும். அந்த வேலை பெண்கள் தலையில் விழுந்தது. அதைக் குறைக்க அவர்கள் விரும்பியதில் பிழை இல்லை. மில்லும் சலிப்பு இயந்திரமும் அருகில் இல்லாமல் கேழ்வரகுக்குத் திரும்பச் சொல்வது நியாயமான பேச்சாகாது.

எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கரைத்துக் கரைத்துக் கட்டிக்கொள்கிறது. பெரியவர்களின் எலும்பில் ஆண்டுதோறும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. முப்பது வயதுக்குள் சேர்த்ததுதான் உச்சம். வயிற்றுப் பிள்ளை தாயிடமிருந்து 30 கிராம் அளவு கால்சியம் எடுத்துக்கொள்கிறது. தாய்ப்பால் வழியே நாளொன்றுக்கு 200 முதல் 300 மில்லிகிராம் போகிறது. பால் மறக்கடித்த பிறகு எலும்பு பெரும்பாலும் மீண்டுவிடும், உணவில் கால்சியம் இருந்தால். மாதவிடாய் நின்றபின் சில ஆண்டுகள் இழப்பு வேகமாகும்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நின்ற 150 பெண்களை அளந்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்கள் இல்லை, அந்த வட்டாரத்தில் நடமாடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு எலும்புப்புரை. பாதிப் பேருக்கு மேல் வைட்டமின் டி 20-க்குக் கீழே. நம் பெண்களின் எலும்புகள் அளவிலும் சிறியவை என்பதால், மேல்நாட்டு இளம்பெண்களை அளவுகோலாக வைக்கும்போது குறைவு சற்று மிகையாகத் தெரியலாம். அதைக் கழித்தாலும் மிச்சம் பெரிது.

இரண்டு நோய்களை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். எலும்புப்புரையில் எலும்பின் அளவே குறைகிறது. விழுந்து முறியும் வரை வலிக்காது. எலும்பு மென்மை நோயில் கூடு இருக்கும், அதில் கால்சியம் ஏறியிருக்காது. அது வலிக்கும். இடுப்பிலும் தொடையிலும் விலாவிலும் அழுத்தினால் நோகும். தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றித்தான் எழுவார். படி ஏறத் தடுமாறுவார். நடை இருபுறமும் அசையும். 'உடம்பெல்லாம் வலி, இடுப்பு ஒடியுது' என்று வரும் பெண்ணுக்கு ஊசி போட்டு, வலி மாத்திரை கொடுத்து, வயதின் மேல் பழியைப் போட்டு அனுப்புவது எங்கும் நடக்கிறது. எலும்பு மென்மை நோய் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தால் சில மாதங்களில் குணமாகும் நோய். அதைத் தவறவிடுவது எனக்குப் பொறுக்க முடியாதது. மலைப் பெண்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு: சுமை தூக்கி மேடேறும் உடம்பின் எலும்பு அந்தச் சுமைக்கேற்பத் தடிக்கும் என்பதை ஜூலியஸ் வோல்ஃப் 1892-லேயே எழுதினார். கட்டுவதற்குப் பொருள் மட்டும் வேண்டும்.

கோட்டைப் பற்றிச் சொல்ல வந்தேன். அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2011-ல், 20 நானோகிராம் இருந்தால் மக்களில் 97.5 விழுக்காட்டினருக்குப் போதும் என்றது. அப்படியானால் பெரும்பாலோருக்கு அதற்குக் கீழேயே போதும். 20-க்குக் கீழே உள்ள எல்லோரையும் நோயாளி என்பது பிழை. அதே ஆண்டு அங்குள்ள நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 30 வேண்டும் என்றது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு உலகமே இரத்தம் சோதிக்கத் தொடங்கியது. 2024-ல் அதே சங்கம் அந்த இலக்கைக் கைவிட்டு, நலமாக இருப்பவர்களுக்கு வழக்கமான சோதனை வேண்டாம் என்று மாற்றிச் சொன்னது. இடையில் 25,871 பேரை வைத்து நடந்த வைட்டல் சோதனையில், தினமும் 2000 அலகு வைட்டமின் டி எடுத்தவர்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை. அவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே குறைவு இல்லாத, நன்றாக உண்ட அமெரிக்கர்கள். அதனால் இந்த முடிவை ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்கு அப்படியே கொண்டுவர முடியாது. கொண்டுவர வேண்டிய எச்சரிக்கை வேறு. ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5 லட்சம் அலகு கொடுத்துப் பார்த்தபோது விழுவதும் முறிவதும் கூடியது. 60,000 அலகுப் பொட்டலத்தை மருந்துக் கடையில் தானே வாங்கி மாதக்கணக்கில் குடிப்பவர்களுக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறும் வந்திருக்கின்றன. மருத்துவர் கணக்கிட்டுக் கொடுக்கும் வாரங்கள் வரை அது நல்ல மருந்து.

மலைக்கு மேற்கே கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது எலும்பில் படிந்து அதைக் கடினமாக்கி உருக்குலைக்கும். கால்சியம் குறைந்த குழந்தையிடம் அதன் கேடு பெரிது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது இந்தத் துன்பத்துக்காகத்தான்.

அரசு உணவின் வழியே எவ்வளவு செய்ய முடியும்? ரேஷன் கடைப் பாமாயிலில் ஏ, டி வைட்டமின்கள் சேர்க்கப்படுகின்றன. மாதம் ஒரு லிட்டர் பாக்கெட்டை நான்கு பேர் பங்கிட்டால், தலைக்கு ஒரு நாளுக்குக் கிடைப்பது சில பத்து அலகு வைட்டமின் டி மட்டுமே. பரிந்துரை 600. சத்துணவில் வாரம் ஐந்து முட்டை. ஒரு முட்டைக்கு ஏறக்குறைய 40 அலகு என்று வைத்தால், நாளொன்றுக்கு 30-க்குள். இரண்டும் நல்லவை, விடக் கூடாதவை. ஆனால் மலைப் பிள்ளைக்கு மதிய இடைவேளையின் வெயில் இவை இரண்டையும்விடப் பெரிய ஊற்று.

கால்சியத்துக்கு அப்படி வானத்திலிருந்து வரும் வழி கிடையாது. 2023 மே மாதம் நீலகிரி, தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரும் திட்டம் முன்னோடியாகத் தொடங்கியது. ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்திருப்பதால் அந்த முதல் கட்டத்தில் சேரவில்லை. 2 கிலோவை நால்வர் ஒரு மாதம் உண்டால் தலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 60 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். திருப்பதிக் கிராமத்தவரின் 269-ஓடு அதைக் கூட்டினால் 330 வரும். பத்துக் கிலோவானால் 570-ஐத் தாண்டும். மலையிலேயே விளையும் தானியத்தை அரசு நேரடியாகக் கொள்முதல் செய்து, ஜமுனாமரத்தூரிலேயே கல் நீக்கித் திரித்து, மாவாகவே கடையில் கொடுத்தால் பெண்களின் வேலையும் கூடாது. உண்டு உறைவிடப் பள்ளிகளில் வாரத்தில் மூன்று காலை முளைகட்டிய கேழ்வரகுக் கஞ்சி ஊற்றுவதற்குப் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. அடுப்பும் சமையல் அம்மாவும் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். மாவு மட்டும் போய்ச் சேர வேண்டும்.